விஇ பம்பில் டீசல் கூட்டிய பிறகு கரும்புகை, அதிகச் சூடு, ஐட்லிங் 1100: எங்கே பார்ப்பது?

இழுவைவண்டி:

வணக்கம். வண்டியில் இருப்பது 12 வால்வு கம்மின்ஸ் 6பிடி, 5.9 லிட்டர். டர்போ, இன்டர்கூலர் இரண்டும் கம்பெனியில் வந்தவை. சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்திப் பீச்சும் பம்ப் போஷ் விஇ. டிரெய்லர் மாட்டி ஏற்றத்தில் போகும்போது இழுவை போதவில்லை என்பதால் பம்பில் டீசல் கூட்டப்பட்டிருக்கிறது. பின்பக்கத்து ஃபுல் லோடு ஸ்க்ரூ (டீசல் அளவைக் கூட்டும் திருகு) ஒன்றரைச் சுற்று உள்ளே போயிருக்கிறது. மேல்மூடியைக் கழற்றி, டயாப்ரம் பின்னை (டர்போ காற்றழுத்தம் ஏறும்போது டயாப்ரத்தோடு கீழே இறங்கி டீசலைக் கூட்டும் கூம்புப் பின்) ஆழமாகச் சீவிய பக்கத்துக்குத் திருப்பியாயிற்று. நாசிலும் (டீசல் தெளிப்பான்) டைமிங்கும் (டீசல் பீச்சும் நேரம்) பழையபடியே உள்ளன.

இப்போது ஐட்லிங் 750-லிருந்து 1100-க்கு ஏறிவிட்டது. ஐட்லிங் ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்தாலும் 1000-க்குக் கீழே இறங்கவில்லை. வண்டி கிளம்பும்போது சாலை மறையும் அளவுக்குக் கரும்புகை. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடியது உண்மைதான், ஆனால் 2000-க்கு மேலே ஒன்றும் இல்லை, வெறும் சத்தம்தான். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) 0.9 பாரைத் தாண்டவில்லை. டர்போவுக்கு முன்னால் பொருத்திய வெப்பமானி, நீண்ட ஏற்றத்தில் 760 டிகிரி காட்டுகிறது. அதைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன்.

டயாப்ரம் பின்னை இன்னும் திருப்பிப் பார்க்கலாமா? அல்லது பம்பே தேய்ந்துவிட்டதா?

பம்ப்பெஞ்ச்:

முதலில் அந்த டயாப்ரம் பின்னைத் தொடாதீர்கள் தம்பி. ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓட்டுவதையும் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். 760 டிகிரியைத் தொடர்ந்து தாங்க அந்த அலுமினிய பிஸ்டனால் முடியாது. டர்போவுக்கு முன்னால் அளந்தால், தொடர்ச்சியான லோடில் 700-க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த இன்ஜினோடு பழகியவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் எல்லை. ஒரு நொடி தாண்டுவது வேறு, ஏற்றம் முழுக்க அப்படியே நிற்பது வேறு.

ஐட்லிங் ஏன் ஏறியது என்பதைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதோடு சேர்ந்ததுதான். விஇ பம்பில் ஃபுல் லோடு ஸ்க்ரூ, முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் வேலை செய்யும் தனி ஸ்க்ரூ இல்லை. உள்ளே கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டு அமைப்பு) நெம்புகோல்கள் தாங்கி நிற்கும் புள்ளியையே அது நகர்த்துகிறது. அந்தப் புள்ளி நகர்ந்தால், டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சரைச் சுற்றியிருக்கும் கன்ட்ரோல் காலர் எல்லா நிலையிலும் 'அதிக டீசல்' பக்கமே தள்ளி நிற்கும். ஐட்லிங்கிலும் அப்படித்தான். ஐட்லிங் ஸ்க்ரூவை முழுக்க எடுத்தும் இறங்கவில்லை என்றால், ஃபுல் லோடு ஸ்க்ரூ அளவுக்கு மேல் உள்ளே போய்விட்டது என்று பொருள். இன்னும் உள்ளே போனால், காலை எடுத்த பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கும். அது ஆபத்து.

அதனால் ஸ்க்ரூவை வெளியே கொண்டு வாருங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஐட்லிங் ஸ்க்ரூவால் 750-ஐப் பிடிக்க முடிகிற இடம்தான் உங்கள் எல்லை. அந்த ஸ்க்ரூவில் ஒரு ஓ-ரிங் இருக்கும். பழைய ரிங் திருகும்போது அறுந்தால் அங்கேயே டீசல் கசியும், புதிது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஸ்டார்ட் செய்யும்போது ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, டர்போ வாயை மூடுகிற அளவுள்ள தடித்த பலகை ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். சாவியை அணைத்தால் சொலினாய்டு (மின்சார அடைப்பு வால்வு) டீசலை நிறுத்திவிடும் என்பது சரி. நெம்புகோல் சிக்கினாலும் பெரும்பாலும் அதுவே காப்பாற்றும். ஆனால் டர்போ சீல் வழியாக ஆயிலைக் குடித்து ஓடும் இன்ஜினுக்கு சாவி ஒரு பொருட்டே இல்லை, காற்றை அடைத்தால்தான் நிற்கும். பலகையால் மட்டும் மூடுங்கள், கையைக் கொண்டு போகவே கூடாது.

ஏற்றப்பாதை:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் என் கண்ணில் படுவது அந்த 0.9 பார்தான். டீசலைக் கூட்டினால் எக்ஸாஸ்டில் சூடும் வேகமும் கூடும், டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், பூஸ்ட் ஏற வேண்டும். உங்களுக்குப் புகை ஏறுகிறது, சூடு ஏறுகிறது, பூஸ்ட் மட்டும் ஏறவில்லை. டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று எங்கோ வெளியே போகிறது.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி காற்றை அடைக்கும் திராட்டில் இல்லை. காற்று முழுதாக வந்துகொண்டே இருக்கும், டீசல் அளவை மாற்றித்தான் பவரை மாற்றுகிறோம். 1 கிலோ டீசல் முழுக்க எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. நிஜத்தில் சிலிண்டருக்குள் கலக்கக் கிடைக்கும் நேரம் குறைவு, அதனால் 20-க்குக் கீழே வரும்போதே புகை தலைகாட்டத் தொடங்கும். புகை என்பது எரியாமல் வெளியே போன உங்கள் டீசல். பெட்ரோல் வண்டியில் எரிபொருள் அதிகமானால் ஓரளவு குளிர்ச்சி கிடைக்கும் என்று கேட்டிருப்பீர்கள். டீசலில் நேர் எதிர், கூட்டக் கூட்டச் சூடுதான்.

எனவே காற்றுக்கசிவு சோதனை செய்யுங்கள். டர்போவின் காற்று வாயை ஒரு அடைப்பான் போட்டு நன்றாக இறுக்கி, அதில் டயர் வால்வு பொருத்தி, கம்ப்ரசரிலிருந்து மெல்ல 1 பார் வரை ஏற்றுங்கள். அடைப்பானுக்கு நேரே நிற்காதீர்கள், நழுவினால் கல்லெறி மாதிரி வரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துவிடுங்கள், வால்வு வழியாக இறங்கும் காற்று கிராங்க்கேஸில் அழுத்தமாக நிற்கக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு ஓஸ், கிளிப், இன்டர்கூலரின் மூலைகள், மேனிபோல்டு கேஸ்கட் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர். கீழ்ப்பக்கத்து ஓஸைக் கையால் தடவிப் பாருங்கள். ஆயில் பிசுக்கு ஏறி மெத்தென்று ஆன ரப்பர், நிற்கும் வண்டியில் நன்றாகத்தான் தெரியும், பூஸ்ட் வந்ததும் பிளந்துகொள்ளும்.

இன்லைன்6:

இந்தப் பாடு எதற்கு அண்ணா? விஇ-யைக் கழற்றிவிட்டு பி7100 இன்லைன் பம்பைப் போட்டால் முடிந்தது. விஇ-யில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே 12 மில்லிமீட்டர் பிளஞ்சர். பி7100-இல் சிலிண்டருக்கு ஒன்று வீதம் ஆறு. டெலிவரி வால்வு, கவர்னர் ஸ்பிரிங், ஃபுயல் பிளேட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றலாம். பம்புக்கு எண்ணெய்ப்பதம் இன்ஜின் ஆயிலிலிருந்தே வருகிறது. விஇ-க்கு டீசல்தான் எண்ணெய், டீசலில் தண்ணீர் வந்தால் பம்ப் போச்சு.

பம்ப்பெஞ்ச்:

இன்லைன்6 சொன்ன வித்தியாசங்கள் எல்லாம் உண்மை. ஆனால் இந்த வண்டிக்கு அது மருந்து இல்லை. இன்று இருக்கிற டீசலையே எரிக்கக் காற்று போதவில்லை. அதன் மேல் பெரிய பம்பை வைத்தால் சூடுதான் கூடும். பம்ப் மாற்றுவதென்றால் கியர் ஹவுசிங், லைன்கள், ஆயில் ஃபீடு, ஆக்சிலரேட்டர் லிங்கேஜ் என்று முன்பக்கம் முழுவதும் கழற்றியாக வேண்டும். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு, சரியாக செட் செய்த விஇ போதும் என்பது என் உறுதியான கருத்து.

சூடு அதிகமாக இருப்பதற்கு இன்னொரு காரணத்தையும் விட்டுவிடக் கூடாது: டைமிங். "டைமிங்கைத் தொடவில்லை" என்கிறீர்கள். விஇ-யில் நீங்கள் தொடாமலே டைமிங் மாறும். உள்ளே இருக்கும் வேன் பம்ப், ஆர்பிஎம் ஏற ஏறப் பம்பின் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். அந்த அழுத்தம் கீழே ஒரு பிஸ்டனை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளி, ரோலர் வளையத்தைத் திருப்பி டைமிங்கை முன்னுக்குக் கொண்டு போகும். ஃபில்டர் அடைத்திருந்தாலோ, ஃபீட் பம்ப் தளர்ந்திருந்தாலோ, லைனில் காற்று இழுத்தாலோ அழுத்தம் எழும்பாது, டைமிங் பின்தங்கியே நிற்கும். பின்தங்கிய டைமிங்கில் டீசல் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் வரை எரிந்துகொண்டிருக்கும். 2000-க்கு மேலே வெறும் சத்தம் என்றீர்களே, அதற்கும் இது பொருந்தும்.

பார்க்க வேண்டியது சுலபம். ரிட்டர்ன் லைனில் ஒரு சாண் அளவு கண்ணாடி மாதிரித் தெரியும் ஓஸ் போட்டு ஓட்டுங்கள். குமிழ் தொடர்ந்து வந்தால் காற்று இழுக்கிறது. ஃபில்டரை மாற்றுங்கள். ரிட்டர்ன் பக்கத்து பேன்ஜோ போல்ட்டையும் (டீசல் ஓடத் துளையுள்ள போல்ட்) பாருங்கள். பல விஇ பம்புகளில் அதற்குள் ஒரு ஊசித்துளைதான் இருக்கும், தலையில் 'அவுட்' என்று பொறித்திருக்கும். இன்லெட் போல்ட்டும் அதுவும் இடம் மாறியிருந்தால் உள்ளழுத்தமே தாறுமாறாகும்.

டயாப்ரத்தையும் சோதியுங்கள். மேனிபோல்டிலிருந்து வரும் சிறிய குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பால் 1 பார் கொடுத்தால் அழுத்தம் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. அப்படியென்றால் கூம்புப் பின் கீழே இறங்காது, பூஸ்ட் வந்தாலும் கூடுதல் டீசல் வராது, பின்னை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை.

இழுவைவண்டி:

எல்லாருக்கும் நன்றி. சோதித்ததை எழுதுகிறேன்.

டயாப்ரம் நல்ல நிலையில் உள்ளது, 1 பார் இறங்காமல் நின்றது. ரிட்டர்ன் ஓஸில் குமிழ் இல்லை. ஃபில்டரைப் புதிதாக மாற்றினேன், பேன்ஜோ போல்ட்டுகள் சரியான இடத்தில்தான் உள்ளன.

காற்றுச் சோதனையில்தான் விஷயம் கிடைத்தது. இன்டர்கூலருக்குப் போகும் கீழ் ஓஸ், கிளிப்புக்கு ஒட்டியே அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. 0.5 பார் வரை சும்மா இருந்தது, அதற்கு மேலே சீறல். ஓஸை மாற்றி, டி-போல்ட் கிளிப் போட்டு இறுக்கினேன். ஃபுல் லோடு ஸ்க்ரூ இப்போது பழைய இடத்திலிருந்து அரைச் சுற்று மட்டும் உள்ளே. ஐட்லிங் 750-இல் அழகாக நிற்கிறது. அதே ஏற்றம், அதே லோடு: பூஸ்ட் 1.4 பார், வெப்பம் 650 டிகிரி. 2000-க்கு மேலேயும் இழுக்கிறது.

இரண்டு கேள்விகள் மீதி இருக்கின்றன. கிளம்பும்போது இன்னும் கொஞ்சம் புகை வருகிறது, அதை எப்படிக் குறைப்பது? அப்புறம், 3200 ஆர்பிஎம் கவர்னர் ஸ்பிரிங் போடலாமா?

ஏற்றப்பாதை:

நல்ல செய்தி. 650 என்றால் நிம்மதியாக ஓட்டலாம்.

கிளம்பும் புகைக்கு டயாப்ரம் மூடியின் மேலே உள்ள சிறிய ஸ்க்ரூவைப் பாருங்கள். பூஸ்ட் இல்லாத நேரத்தில் டயாப்ரம் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வெளியே எடுத்தால் டயாப்ரம் மேலே நிற்கும், ஆரம்ப டீசல் குறையும். அதற்குப் பிறகும் புகை இருந்தால் மூடிக்கு அடியில் உள்ள நட்சத்திரப் பல்சக்கரம். ஸ்பிரிங் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் டயாப்ரம் தாமதமாக இறங்கும், டர்போ காற்று கொடுக்கத் தொடங்கிய பிறகே டீசல் கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஒவ்வொன்றுக்கும் பழைய இடத்தில் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டுத் திருப்புங்கள்.

உங்கள் பகுதியின் புகைச் சோதனை அளவையும் மனதில் வைத்து செட் செய்யுங்கள். சில நாடுகளில் பம்ப் செட்டிங்கை மாற்றுவதற்கே சட்டத் தடை உண்டு.

பம்ப்பெஞ்ச்:

கவர்னர் ஸ்பிரிங் வேண்டாம் தம்பி, இந்த வண்டிக்கு வேண்டவே வேண்டாம். இந்த இன்ஜினின் பலம் கீழே இருக்கிறது, 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். 3200-க்கு ஓட்டினால் பழைய வால்வு ஸ்பிரிங் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். விஇ-யின் பிளஞ்சருக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிடைக்கும் நேரம் அந்த வேகத்தில் இன்னும் சுருங்கும். ஏற்றத்தில் டிரெய்லரோடு 3000-க்கு மேலே ஓட்ட என்ன தேவை இருக்கிறது? சரியான கியரில் 1800-க்கும் 2400-க்கும் நடுவில் வைத்திருங்கள்.

அந்தக் காசை நாசிலுக்குச் செலவிடுங்கள். ஆறையும் கழற்றி பெஞ்சில் பாப் பிரஷரும் (நாசில் திறக்கும் அழுத்தம்) தெளிப்பும் பாருங்கள். ஒன்று சொட்டினாலும், மற்ற ஐந்தும் நன்றாக இருக்க அந்த ஒரு பிஸ்டன் மட்டும் வேகும். உங்கள் வெப்பமானி ஆறு சிலிண்டரின் கலவையைத்தான் காட்டுகிறது, அந்த ஒன்றைத் தனியாகக் காட்டாது. கழற்றும்போது எந்த நாசில் எந்த சிலிண்டர் என்று எண் போட்டு வையுங்கள், அடியில் இருக்கும் செம்பு வாஷர் ஆறும் புதிது போடுங்கள். லைனைத் தளர்த்தி ஏர் எடுக்கும்போது கையை டீசல் பீறும் திசையில் வைக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் தோலுக்குள்ளேயே போய்விடும்.

பெஞ்சில் ஆறுக்கும் என்ன அழுத்தம் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், ஷிம் (அந்த அழுத்தத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.