புதுப்பிப்பு: வயல் ஓவியத்தில் பொம்மை மாதிரி நின்ற ஆட்கள்

வயல் நன்றாக வருகிறது, அதில் ஆளை வைத்தால் மட்டும் பொம்மை மாதிரி நிற்கிறது என்று போன மாதம் என் வாட்டர்கலரைப் போட்டுப் புலம்பியிருந்தேன். "தலையைத் தொடுவானக் கோட்டில் வை" என்று இரண்டு பேர் சொன்னீர்கள். கோளாறு அங்கேதான்.

தூரத்து ஆளைச் சின்னதாக்கும்போது தலையையும் கீழே இறக்கியிருந்தேன். சமதரையில் நின்று பார்த்தால், நம் உயரமுள்ளவர் பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும் தலை அந்தக் கோட்டில்தான்; பாதம்தான் மேலே ஏறும். (குனிந்து நாற்று நடுகிறவர்கள் கணக்கு வேறு.)

அப்புறம், எல்லோருக்கும் பூசணிக்காய்த் தலை! உயரத்தில் ஏழில், எட்டில் ஒரு பங்குதான் தலை. இப்போது தலைக்கு ஒரு புள்ளி, அதன் அடியில் உடம்புக்குக் கேரட் மாதிரி குறுகும் ஒரே தீற்றல், இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு வெள்ளைத் தாள். பாதம் வரைவதே இல்லை; ஈரம் காயும் முன் நிழலோடு கரைய விடுகிறேன். கண், மூக்கு வைத்த நேரமெல்லாம் வீண்.

வரப்பில் ஒரு சிவப்புச் சேலை வைத்தேன். பார்வை நேராக அங்கே போகிறது. பிரெஞ்சு ஓவியர் கோரோ பச்சைக்கு நடுவே சின்னச் சிவப்புத் தொப்பி வைப்பாரே, அதே வித்தை.

சரி, மூன்று பேரைச் சம இடைவெளியில் நிறுத்தியது இன்னும் தந்திக்கம்பம் மாதிரிதான் இருக்கிறது. அடுத்த தாளில் பார்க்கிறேன்.