1024-ஐத் தாண்ட மறுக்கும் மானிட்டர்

கேள்வி:
வீட்டிலேயே பத்திரிகை, விசிட்டிங் கார்டு டிசைன் செய்து கொடுக்கிறேன். 22 அங்குல மானிட்டர், நேற்றுவரை 1920 × 1080 ரெசல்யூஷனில் (திரையில் தெரியும் புள்ளிகளின் எண்ணிக்கை) ஓடியது. மேசையை இடம் மாற்றினேன். மானிட்டரைக் கணினியோடு இணைக்கும் பழைய விஜிஏ கேபிள் எட்டவில்லை. 5 மீட்டர் கேபிள் ஒன்று மலிவாக வாங்கி மாட்டினேன். அப்போதிலிருந்து 1024 × 768-க்கு மேல் தேர்வே வரவில்லை. வட்டமான லோகோ முட்டையாகத் தெரிகிறது! டிரைவரை (திரையை இயக்கும் மென்பொருள்) இரண்டு முறை அழித்து மறுபடி போட்டுவிட்டேன். நாளை ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டும்.

பதில்:
டிரைவரை விடுங்கள். விண்டோஸில் இணைத்த கருவிகளைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மானிட்டருக்கு என்ன பெயர் காட்டுகிறது?

கேட்டவர்:
'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்'.

பதில்:
மானிட்டர் எதுவென்று கணினிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்போ கேபிள்தான். மானிட்டர் தன்னால் காட்ட முடிந்த அளவுகளை 'ஈடிஐடி' என்ற சின்னத் தகவலாகக் கணினிக்குச் சொல்லும். விஜிஏவில் அது 12, 15 ஆகிய பின்கள் (கேபிள் முனையில் இருக்கும் ஊசிகள்) வழியாகப் போகும். மட்டமான கேபிள்களில் செலவை மிச்சம் பிடிக்க அந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள். படம் வரும், பேச்சுவார்த்தை நடக்காது. கேபிள் முனையில் மூன்றாவது வரிசையில் இரண்டாவது பின்னும் கடைசிப் பின்னும் இருக்கிறதா பாருங்கள். 9-ஆவது இல்லாவிட்டால் பதற வேண்டாம், நல்ல கேபிள்களிலேயே பலவற்றில் அது இருக்காது.

இன்னொருவர்:
பின் இருந்தும் உள்ளே கம்பி இல்லாத கேபிளை நான் பார்த்திருக்கிறேன். பழையதை மாட்டிப் பார்த்துவிடுங்கள். மானிட்டரிலும் கணினியிலும் எச்டிஎம்ஐ என்ற புதுவகை இணைப்பு இருந்தால் இந்தத் தொல்லையே வேண்டாம்.

கேட்டவர்:
டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணா, இரண்டு இடமும் பொக்கை வாய். சிபியுவை ஸ்டூலில் ஏற்றிப் பழைய கேபிளையே மாட்டிவிட்டேன். 1920 வந்துவிட்டது. சரி, பத்திரிகை வேலைக்குப் போகிறேன்.