புதுப்பிப்பு: அம்பாசடரின் பின்பக்க 'டொக் டொக்' நின்றது

பள்ளத்தில் இறங்கினால் பின்னாலிருந்து சத்தம் வருகிறது, ஷாக் அப்சார்பர் போய்விட்டதா என்று என் பழைய அம்பாசடரைப் பற்றிக் கேட்டிருந்தேன். ஷாக் நன்றாகவே இருக்கிறது. லீஃப் ஸ்பிரிங்கின் (பின்பக்கப் பாரத்தைத் தாங்கும் பட்டை வில்) முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள்தான் போயிருந்தன. ஸ்பிரிங்கின் பின்முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளைக் கழற்றியதும் ரப்பர் கையோடு உதிர்ந்தது. போல்ட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஸ்பிரிங்கின் முன்முனை வளையத்தில், அதாவது முன்பக்கக் கண்ணில், இருந்த புஷ்தான் உயிரை வாங்கியது. அதன் இரும்புக் குழல் துருவேறிப் பிடித்திருந்ததால் பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தித்தான் தள்ள முடிந்தது.

புது ரப்பருக்கு கிரீஸ் வேண்டாம், ஊறிக் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீர் போதும். அப்புறம், நட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி ஜாக்கியில் தொங்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, பாரம் ஏறியபின் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். மெக்கானிக் மேலேயே முடித்துவிடப் பார்த்தார், நான் விடவில்லை.

இப்போது சத்தம் இல்லை. வளைவில் பின்பக்கம் அலைவதும் குறைந்திருக்கிறது.