ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு: குளிப்பாட்டுவதைவிடத் தடவிப் பார்ப்பது முக்கியம்

"குட்டை முடிதானே, இதுக்கு என்ன பெரிய பராமரிப்பு?" எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் வீராவைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான். ராஜபாளையம் நாய், நல்ல உயரம், உடம்பு முழுக்க வெள்ளை, ரோஸ் மூக்கு. முடி குட்டை என்பதால்தான் வெயிலோ, உண்ணியோ, சிமெண்ட் தரையோ எதுவானாலும் நேராகத் தோலைத் தாக்குகிறது என்பது என் அனுபவம்.

சாயங்கால நடை முடிந்து வந்ததும், முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராக விரலை ஓட்டித் தடவுவேன். காது மடலின் உள்பக்கம், கழுத்துப்பட்டைக்கு அடியில், வால் அடி, அப்புறம் கால்விரல் இடுக்கு. ஒருநாள் முன்னங்கால் இடுக்கை விரித்துப் பார்த்தால், அந்த ரோஸ் தோலில் எள்ளளவு பழுப்பு உண்ணிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பக்கத்தில் ஒன்று ரத்தம் குடித்துச் சாம்பல் நிறத்தில் உருண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் அக்கறையோடுதான் சொன்னார்: "தம்பி, பஞ்சுல மண்ணெண்ணெயைத் தொட்டு வைங்க, தானா விழுந்துடும்." வேண்டாம்ணே என்று சொல்லிவிட்டேன். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நக்கினால் உள்ளேயும் போகும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தாலே வந்துவிடுகிறது. விரலால் நசுக்காதீர்கள்.

ஆனால் நாயை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வீரா படுக்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த விரிசல்களைப் பூசி, டாக்டர் எடை பார்த்துக் கொடுத்த உண்ணி மாத்திரையையும் தவறாமல் கொடுத்த பிறகுதான் தொல்லை அடங்கியது. நாய் சோர்ந்து படுத்து, சோற்றைத் தொடவில்லை என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

குளியலைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளை நாய் அழுக்காகத் தெரிகிறது என்று வாராவாரம் சோப்புப் போடுபவர்கள் இருக்கிறார்கள். தோலின் எண்ணெய்ப் பசை போய், வறண்டு, நாய் சொறிய ஆரம்பிக்கும். நாம் போடும் சோப்பு அவற்றின் தோலுக்கு ஒத்து வராது. வீராவுக்கு மாதம் ஒரு குளியல்தான், நாய் ஷாம்பூவில். இடையில் ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்த முடியும் புழுதியும் வந்துவிடும். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

குட்டி வைத்திருப்பவர்கள் கண்ணைச் சுற்றி முடி கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் கைவைத்தியம் வேண்டாம். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் சொறிப்பூச்சி இருக்கிறதா என்று தெரியும்.

நடுமதிய வெயிலில் கட்டிப் போடாதீர்கள். ரோஸ் மூக்கும் காது நுனியும் முடி குறைந்த அடிவயிறும் சீக்கிரம் வெந்துவிடும். இன்னொன்று, இவ்வளவு கனமான நாய் வெறுந்தரையில் படுத்தால் முழங்கையில் முடி தேய்ந்து தோல் காய்த்துப்போகும், பிறகு வெடிக்கும். வீராவுக்குச் சாக்கை நாலாக மடித்து, மேலே பழைய ஜமுக்காளம் போட்டிருக்கிறோம். முழங்கையில் முடி திரும்ப முளைத்திருக்கிறது.