எல்லாருக்கும் ஒரே பந்தா?

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா: நேற்று இங்கே ஒருவர், "கோல்ஃப் காசுக்காரன் ஆட்டம். விலை கூடின மட்டை வைத்திருப்பவன் ஜெயிப்பான். எல்லாருக்கும் ஒரே மட்டை, ஒரே பந்து கொடுத்து ஆடவிடுங்கள், அப்புறம் பார்ப்போம்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. ஐயா, பெரிய போட்டிகளில் 'ஒரே பந்து விதி' என்றே ஒன்று இருக்கிறது. தெரியாமல் எழுதாதீர்கள்.

குகைக்காரன்: எழுதியவன் நான்தான். 'ஒருவர்' என்ன ஒருவர்? பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா?

ஏற்காட்டு மலைக்காரன்: சித்தப்பா, அவசரப்பட்டுவிட்டீர்கள். ஊட்டியில் மூன்று வருடம் கேடியாக, ஆடுபவர்களின் மட்டைப் பையைத் தூக்கியவன் சொல்கிறேன். எந்தக் கம்பெனியின் எந்த மாடல் பந்தில் ஆட்டத்தைத் தொடங்குகிறீர்களோ, அந்தச் சுற்று முழுக்க அதே மாடலில்தான் ஆட வேண்டும். அவ்வளவுதான் அந்த விதி. எதிர்காற்றுக்கு ஒன்று, பின்காற்றுக்கு ஒன்று என்று மாற்றக்கூடாது. பக்கத்தில் ஆடுபவர் வேறு கம்பெனிப் பந்து வைத்திருப்பார். மற்றபடி இருப்பதெல்லாம் வரம்புதான். பந்து 45.93 கிராமுக்கு மேல் கனக்கக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது.

குகைக்காரன்: கேடி என்று நீயே ஒத்துக்கொண்டாய். நான் மட்டையைக் கேட்டேன், நீங்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா: விதியின் பெயர் என்ன தம்பி? ஒரே பந்து விதி. பெயரிலேயே இருக்கிறது.

ஏற்காட்டு மலைக்காரன்: நம்ம ஊரில் சேலம் குண்டு என்று ஒரு மாம்பழம் இருக்கிறதே, வெடிக்குமா?

அம்மாபேட்டை அக்கா: குண்டு மாம்பழத்தை வம்புக்கு இழுக்காதீர்கள். மல்கோவாவெல்லாம் அதன் கிட்டே வர முடியாது. சரி, ஒன்று கேட்கிறேன். நான் ஐந்தடி. ஆறடி ஆளுக்குக் கொடுக்கும் அதே நீள மட்டையை என் கையில் கொடுப்பதுதான் நியாயமா? கோல்ஃப் வீரர் பிரைசன் டிஷாம்போ தனக்குத் தோதாகத் தன் இரும்பு மட்டைகளை எல்லாம் ஒரே நீளத்துக்குச் செய்துகொண்டு 2020 யு.எஸ். ஓப்பனை ஜெயித்தார். விதி தடுக்கவில்லையே.

குகைக்காரன்: மல்கோவாவால் குண்டு கிட்டே வர முடியாதா? அக்கா, இதற்குத் தனியாக வருகிறேன். கேரமைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் ஒரே பலகை, ஒரே காய். அதுதான் ஆட்டம்.

ஏற்காட்டு மலைக்காரன்: ஸ்ட்ரைக்கர்? 15 கிராமுக்கு மேல் போகாத வரை அவரவர் சொந்த ஸ்ட்ரைக்கர். அங்கேயும் வரம்புதான். இன்னொன்று கேளுங்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. அதே பந்து, அதே அடி, ஆனால் இங்கே கூடுதல் தூரம் போகும். பந்தை ஒன்றாக்கினால் போதுமா, மலையை என்ன செய்வீர்கள்? கோல்ஃப் விதிகளை வகுக்கும் பெரியவர்களே இதில் தடுமாறுகிறார்கள். 2023 டிசம்பரில் பந்துச் சோதனையில் மட்டையை வீசும் வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125 மைலாக ஏற்றுவதாக அறிவித்தார்கள். பந்து போகும் தூரத்துக்கான 317 கஜம் என்ற வரம்பைத் தொடவில்லை. வேகமாக அடித்தும் அதற்குள் விழ வேண்டும் என்றால், இப்போது பாஸாகும் பந்து பல அப்போது ஃபெயில். இதுவும் வரம்பு. 'எல்லாருக்கும் இதுதான் பந்து' என்று யாரும் நீட்டவில்லை.

குகைக்காரன்: மூன்று வருடம் பை தூக்கியதற்கே இவ்வளவு நீளமா! நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடித்தான் இந்தியாவுக்கு வந்தார். அவர் எந்த வரம்பைப் பார்த்தார்?

அம்மாபேட்டை அக்கா: டென்னிஸ் பந்து என்றதும் ஞாபகம் வருகிறது. போன பொங்கல் போட்டியில் எங்கள் தெருப் பையன்கள் பந்து வீசும்போது மட்டும் நனைந்த பந்து வந்ததே, அன்றைக்கு நடுவர் யார், குகைக்காரரே?

குகைக்காரன்: பனி அக்கா, பனி. எத்தனை தடவை சொல்வது?

அம்மாபேட்டை அக்கா: பகல் பன்னிரண்டு மணிக்கா?

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா: அதெல்லாம் அப்புறம். விதியின் பெயர் ஒரே பந்து விதியா இல்லையா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்லுங்கள்.

ஏற்காட்டு மலைக்காரன்: மறுபடி முதலிலிருந்து வருகிறேன். எந்தக் கம்பெனியின் எந்த மாடல் பந்தில் தொடங்குகிறீர்களோ...