கல்வராயன் மலைக் குழந்தைக்கு ஒரு நாற்காலி தேவை

கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்கு வணக்கம். மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான சாய்வு நாற்காலி யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு வேண்டும். ஆறு வயதுப் பெண் குழந்தை. கழுத்து இன்னும் நிற்கவில்லை. அம்மா மடியில் படுக்கவைத்துத்தான் சாமைக் கஞ்சி ஊட்டுகிறார். தலை பின்னால் சரியும்போது கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. அடிக்கடி நெஞ்சுச் சளி, காய்ச்சல். இடுப்புக்கும் மார்புக்கும் பட்டை, தலைக்கு இருபுறமும் அணை உள்ள நாற்காலிதான் சரிப்படும். சக்கர நாற்காலி வேண்டாம், அந்த மேட்டுப் பாதையில் அது உருளாது.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வர கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று பஸ் மாற வேண்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே. அன்றைய கூலியும் போய்விடும். ஜிப்மர் இருக்கும் கோரிமேடு பக்கம் இரவு தங்க இடம் தர முடிந்தவர்கள் உண்டா? தசை இறுகாமலிருக்கப் பயிற்சியைத் தினமும் வீட்டில் செய்ய வேண்டும். அதை அம்மாவுக்குக் கற்றுத்தர ஒரு பிசியோதெரபிஸ்ட் மலைக்கு வந்தால் பேருதவி.

பணம் வேண்டாம். பொம்மைகளும் பழைய துணிகளும் போதும் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டன, தயவுசெய்து நிறுத்துங்கள்! நாற்காலியின் படத்தையும் இருக்கையின் அகலத்தையும் அனுப்பினால், மஞ்சக்குப்பத்திலிருந்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.