படிவத்தின் பிழைச்செய்தியை ஸ்கிரீன் ரீடர் படிக்கவில்லை, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். நான் பராமரிக்கும் இணையத்தளத்தில் பதிவுப் படிவம் ஒன்று உள்ளது. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடருடன் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) அதைப் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகர் ஒருவர், ‘சமர்ப்பி’ பட்டனை அழுத்திய பிறகு எதுவுமே கேட்பதில்லை என்றும், படிவம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். சோதித்துப் பார்த்தபோது, பிழையுள்ள பெட்டியின் ஓரம் சிவப்பாக மாறி, அதன் கீழே செய்தியும் தோன்றுகிறது. ஆனால் ஸ்கிரீன் ரீடர் வாய் திறப்பதில்லை. பிழை நேரும்போது அந்தச் செய்திக்கான டிவ்வை (பக்கத்தில் உள்ளடக்கத்தைத் தாங்கும் பகுதியை) ஜாவாஸ்கிரிப்ட் உருவாக்கிப் பக்கத்தில் சேர்க்கிறது. அந்த டிவ்வுக்கு ஏரியா-லைவ் பண்பைக் கொடுத்தும் பயனில்லை. கோளாறு எங்கே இருக்கக்கூடும்?

மறுமொழி (வலை நிரலாளர்):
செய்தியும் அதைத் தாங்கும் டிவ்வும் ஒரே நேரத்தில் பக்கத்துக்குள் வருவதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஏரியா-லைவ் பகுதி என்பது, அதற்குள் நேரும் மாற்றத்தைக் கவனித்துச் சொல்லும்படி உலாவியிடமும் ஸ்கிரீன் ரீடரிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பது. கவனிக்க வேண்டிய இடமே அப்போதுதான் உருவானால், மாற்றம் நேர்ந்ததாகவே பல வேளைகளில் அவை கருதுவதில்லை. ஆகவே பக்கம் ஏறும்போதே வெற்று டிவ் ஒன்றை அங்கே வைத்துவிட்டு, பிழை வரும்போது அதன் உள்ளே இருக்கும் உரையை மட்டும் மாற்றுங்கள். டிஸ்பிளே-நன் கொடுத்து அதை மறைத்து வைக்கவும் கூடாது. மற்றொன்று, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக, உடனே அறிவிக்கச் செய்யும் ‘அலெர்ட்’ கொடுத்தால், ஐந்து பிழைகள் ஒரே நேரத்தில் வரும்போது ஒன்றை ஒன்று இடைமறித்து, எதுவும் முழுதாகக் காதில் விழாமல் போகலாம்.

மறுமொழி (ஸ்கிரீன் ரீடர் பயனர்):
மேலே சொன்னது சரிதான், ஆனால் அதனால் பாதிச் சிக்கல்தான் தீரும். அறிவிப்பு ஒருமுறை ஒலித்து மறைந்துவிடுகிறது. அதன் பிறகு எந்தப் பெட்டியில் பிழை என்று நாங்கள் ஒவ்வொன்றாகத் தடவித் தேட வேண்டியிருக்கிறது. சமர்ப்பித்ததும் படிவத்தின் மேற்பகுதியில் பிழைகளின் சுருக்கத்தைக் காட்டி, ஃபோகஸை, அதாவது விசைப்பலகை அப்போது இயங்கும் இடத்தை, அங்கே கொண்டு செல்லுங்கள் (அந்தப் பகுதி ஃபோகஸை ஏற்க, அதற்கு டேப்இண்டெக்ஸ் மைனஸ் ஒன்று என்று கொடுக்க வேண்டும்). சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு பிழையும் அதற்குரிய பெட்டிக்கு இட்டுச்செல்லும் இணைப்பாக இருக்கட்டும். பெட்டியில் ஏரியா-இன்வேலிட் பண்பைச் சேர்த்து, ஏரியா-டிஸ்கிரைப்டுபை மூலம் பிழைச்செய்தியை அதனுடன் பிணைத்துவிட்டால், அங்கே போய் நிற்கும்போது பெட்டியின் பெயர், உள்ளீடு தவறு என்ற குறிப்பு, திருத்தும் வழி ஆகிய மூன்றும் சேர்ந்தே கேட்கும்.

செய்தியின் சொற்களும் முக்கியம். ‘தவறான உள்ளீடு’ என்பதைவிட, ‘பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதவும்’ என்பதுதான் உதவும். தயவுசெய்து, ஏற்கெனவே நிரப்பியவற்றை அழித்துவிடாதீர்கள். அப்படி அழிக்கும் படிவங்களை நான் பாதியிலேயே கைவிட்டிருக்கிறேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டையும் செய்த பிறகு, ஃபோகஸ் சுருக்கத்துக்குச் செல்கிறது, இணைப்புகளும் வேலை செய்கின்றன. ஆனால் தமிழ்ச் செய்திகளை ஆங்கிலக் குரலே படிக்க முயன்று தடுமாறுகிறது. மேலும், சிவப்பு ஓரமே போதுமானது, பெட்டிக்கு மேல் தனிப் பெயர் வேண்டாம், உள்ளே இருக்கும் மங்கலான குறிப்பே போதும் என்கிறார் வடிவமைப்பாளர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

மறுமொழி (வலை நிரலாளர்):
பக்கத்தின் ஹெச்டிஎம்எல் தொடக்கத்தில் மொழியைக் குறிக்கும் லாங் பண்பு ஆங்கிலம் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பழைய வார்ப்புருக்களில் அது அப்படியே தங்கிவிடுவது உண்டு. அதைத் தமிழுக்குரிய ‘டிஏ’ குறியீடாக மாற்றினால், தானாக மொழி மாற்றும் வசதி இயங்கும் நிலையில், என்விடிஏவுடன் வரும் இஸ்பீக் என்ஜி என்ற பேச்சொலி மென்பொருள் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். இடையே ஆங்கில வாக்கியம் வந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் தனியே மொழியைக் குறித்துவிடுங்கள்.

வடிவமைப்பாளரிடம், இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையைக் காட்டலாம். நிறத்தை மட்டுமே நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்ற விதி 1.4.1, பிழை எதில் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற விதி 3.3.1 ஆகிய இரண்டுமே அடிப்படையான ‘ஏ’ நிலையைச் சேர்ந்தவை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கும் இதே தடைதான். மங்கலான குறிப்பு, எழுதத் தொடங்கியதும் மறைந்துவிடுகிறது. அது பெரும்பாலும் வழக்கமான அளவு எழுத்துக்குத் தேவைப்படும் 4.5:1 நிற வேறுபாட்டையும் எட்டுவதில்லை. ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் எப்போதும் கண்ணில் படும் லேபிளை வைத்து, அதன் ஃபார் பண்பைப் பெட்டியின் ஐடியுடன் இணைப்பதே முறை.

மறுமொழி (ஸ்கிரீன் ரீடர் பயனர்):
வெளியிடுவதற்கு முன் மௌஸைத் தொடாமல், டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளைக் கொண்டே படிவத்தை முடித்துப் பாருங்கள். பிறகு கைப்பேசியில் அதன் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கையோ (ஆண்ட்ராய்டு) வாய்ஸ்ஓவரையோ (ஐஃபோன்) இயக்கியும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். கணினியில் சரியாக ஒலிக்கும் அறிவிப்பு அங்கே வேறு விதமாக நடந்துகொள்வதுண்டு.